ஈஸ்ட் ஸ்டார்ட்டர்: வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டார்ட்டர் என்றால் என்ன?

திரவ ஈஸ்ட் பாக்கெட்டை நேராகப் பெரிய கலனில் கொட்டாமல், இரண்டு மூன்று நாள் முன்பே ஒன்றிரண்டு லிட்டர் நீர்த்த வோர்ட்டில் போட்டுப் பெருக்கி எடுப்பதுதான் ஸ்டார்ட்டர். (முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் சர்க்கரை கரைந்த, இன்னும் நொதிக்காத நீருக்கு வோர்ட் என்று பெயர்.) நெல்லுக்கு நாற்றங்கால் மாதிரி. நாற்றங்காலில் யாரும் கதிர் அறுப்பதில்லை. ஸ்டார்ட்டரில் உண்டாகும் பியரும் நமக்கு வேண்டியதில்லை, அடியில் படியும் ஈஸ்ட் மட்டும் போதும். அதனால்தான் பியருக்குச் செய்யவே கூடாத சில காரியங்களை ஸ்டார்ட்டருக்கு வேண்டுமென்றே செய்கிறோம்: விடாமல் காற்றுப் படக் கலக்குகிறோம், கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கிறோம்.

எல்லா ஈஸ்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் வேண்டுமா?

உலர் ஈஸ்ட்டுக்கு வேண்டாம். அதைத் தயாரிக்கும்போதே செல்களுக்குள் ஸ்டெரால் என்னும் கொழுப்பையும் மற்றச் சேமிப்புகளையும் நிறைத்துத்தான் உலர்த்துகிறார்கள். ஸ்டார்ட்டரில் போட்டால் அந்தச் சேமிப்பை அங்கேயே செலவழித்துவிடும். செல் போதாது என்று தோன்றினால் இன்னொரு பாக்கெட் வாங்குவது மலிவு, சுலபம். பத்து மடங்கு எடையுள்ள, 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் நீரில் தூவி ஊறவைத்துப் போட்டால் போதும்.

திரவ ஈஸ்ட் என்றால் பெரும்பாலும் வேண்டும். மிக லேசான ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பியர்), புத்தம் புதிய பாக்கெட், சின்ன அளவு என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் விட்டுவிடலாம். லாகருக்கும் (குளிரில் நொதிக்கும் பியர்), ஆரம்ப கிராவிட்டி (நீரை 1.000 என்று வைத்து அளக்கும் வோர்ட்டின் அடர்த்தி) 1.060-க்கு மேல் போகும் எந்தப் பியருக்கும் தயங்காமல் செய்யுங்கள்.

எத்தனை செல் தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்டில் கரைந்த சர்க்கரையின் எடைச் சதவீதம்) 0.75 மில்லியன் செல். லாகருக்கு 1.5 மில்லியன். கிராவிட்டியின் கடைசி இரண்டு இலக்கத்தை 4-ஆல் வகுத்தால் பிளேட்டோ ஏறத்தாழ வந்துவிடும்: 1.048 என்றால் 12.

20 லிட்டர், 1.048 ஏல் எடுத்துக்கொள்வோம். 0.75 × 20,000 × 12 = 1,80,000 மில்லியன், அதாவது 180 பில்லியன் செல். (ஒரு பில்லியன் 100 கோடி.) அதே வோர்ட் லாகராக இருந்தால் 360 பில்லியன்.

பாக்கெட்டில் இருப்பது வழக்கமாக 100 பில்லியன். சிலவற்றில் 200 வரை உண்டு, உறையைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறந்துவிடும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. இரண்டு மாதம் பழைய 100 பில்லியன் பாக்கெட்டில் 64 பில்லியன் உயிரோடு இருக்கும். நமக்கு 180 வேண்டும். 116 பில்லியனை வளர்த்தாக வேண்டும்.

காந்தக் கலக்கியில், அதாவது ஸ்டர் பிளேட்டில், ஒரு கிராம் மால்ட் தூளுக்கு 1.4 பில்லியன் புதிய செல் கிடைக்கும் என்று வீட்டில் காய்ச்சுபவர்கள் கணக்குப் போடுகிறார்கள். 100 கிராம் தூள், ஒரு லிட்டர்: 140 பில்லியன் புதிது, பழையதோடு சேர்த்து 204. ஏலுக்குப் போதும். லாகருக்கு 225 கிராம் தூளில் இரண்டே கால் லிட்டர். கலக்கி இல்லாமல் அவ்வப்போது கையால் குலுக்கினால் கிராமுக்கு 0.6 பில்லியன் அளவில்தான் எதிர்பார்க்க வேண்டும். அதே ஏலுக்கு இரண்டு லிட்டர் ஆகிவிடும்.

இதெல்லாம் மதிப்பீடு. 180 வேண்டிய இடத்தில் 150 வந்தால் பியர் கெடாது. 60-ஐ வைத்துக்கொண்டு நொதிக்க விடுவதுதான் பிரச்சினை: தொடங்கவே ஒன்றரை நாள் ஆகும், அதற்குள் வேறு நுண்ணுயிர் இடம்பிடிக்கும், சர்க்கரை மிஞ்சி இனிப்பாக நின்றுவிடும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

தேவையான ஸ்டார்ட்டரைவிட இரண்டு மடங்கு கொள்ளும் போரோசிலிகேட் கூம்புக் குடுவை (ஃபிளாஸ்க்) அல்லது கண்ணாடி ஜாடி, பாத்திரம், எலெக்ட்ரானிக் தராசு, தெர்மாமீட்டர், அலுமினிய ஃபாயில், கழுவத் தேவையில்லாத சானிடைசர், உலர் மால்ட் தூள், ஈஸ்ட் நியூட்ரியன்ட் (ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடி). ஸ்டர் பிளேட்டும் 25 முதல் 40 மில்லிமீட்டர் நீளக் காந்தக் குச்சியும் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. பழைய கம்ப்யூட்டர் விசிறியின் நடுவே ஹார்ட் டிஸ்க் காந்தத்தை ஒட்டி, 12 வோல்ட் அடாப்டரோடு வேகக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்தால் ஸ்டர் பிளேட் தயார். காந்தம் மட்டும் அச்சின் நடுவில் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் விசிறி உதறும்.

படிப்படியாகச் செய்முறை சொல்லுங்கள்.

அளவு எளிது: பத்துக்கு ஒன்று. ஒரு லிட்டர் ஸ்டார்ட்டருக்கு 100 கிராம் மால்ட் தூள். கிராவிட்டி 1.037 பக்கம் வரும். திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட்தான் இருக்கிறது என்றால் 125 கிராம்.

தூளைக் கொதிக்கும் நீரில் கொட்டாதீர்கள். நீராவி பட்ட நொடியே கரண்டியிலும் பாக்கெட் வாயிலும் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும், மிச்சம் கட்டி கட்டியாக மிதக்கும். பச்சைத் தண்ணீரில் தூளைப் போட்டு, கட்டி இல்லாமல் கரைத்த பிறகு அடுப்பை ஏற்றுங்கள். கொதியில் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் 1.1 லிட்டரில் தொடங்கலாம். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் நியூட்ரியன்ட் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். முதல் கொதி வரும்போது அருகிலேயே நில்லுங்கள். நுரை ஒரே மூச்சில் பொங்கும். குடுவையிலேயே கொதிக்கவைப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து, குறுகிய கழுத்து வழியாகச் சூடான பாகு பீய்ச்சி அடிக்கும். நுரையடக்கி ஒரு சொட்டு விட்டால் அடங்கும். எங்களைக் கேட்டால் சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பிறகு குடுவைக்கு மாற்றுங்கள் என்போம்.

குடுவை, காந்தக் குச்சி, ஃபாயில், கத்தரிக்கோல், பாக்கெட்டின் வெளிப்புறம் எல்லாவற்றையும் சானிடைசரில் நனையுங்கள். ஸ்டார் சான் வகை அமிலச் சானிடைசர் லிட்டருக்கு 1.5 மில்லிலிட்டர், ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும். மிஞ்சும் நுரையைக் கண்டு பயப்பட வேண்டாம், கழுவினால்தான் கெடும்.

பாத்திரத்தை மூடியோடு குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து ஆற்றுங்கள். வெளியே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓரம் குளிர்ந்திருக்கும்போதே நடுவில் 45 டிகிரி இருக்கலாம், அந்தச் சூடு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். சுழற்றிவிட்டுத் தெர்மாமீட்டரில் பாருங்கள். 25 டிகிரிக்குக் கீழே வந்ததும் குடுவைக்கு மாற்றி, பாக்கெட்டைக் குலுக்கி வெட்டி ஊற்றி, ஃபாயிலைக் கழுத்தில் தளர்வாகக் கவிழ்த்து மூடுங்கள்.

ஏர்லாக் போடலாமா?

வேண்டாம். ஏர்லாக் என்பது வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி, காற்றை உள்ளே விடாது, நமக்கோ காற்று உள்ளே போக வேண்டும். ஃபாயில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தால் தூசி கீழிருந்து மேலேறி உள்ளே போகாது.

காற்று ஏன் அவ்வளவு முக்கியம்?

ஈஸ்ட் செல்லின் சவ்வு நெகிழ்ச்சியாக இருக்க ஸ்டெரால் வேண்டும். அதைத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது இருந்த ஸ்டெராலையும் இரண்டாகப் பங்கு போடுகிறது, இரண்டு நான்காகும்போது மறுபடியும் பங்கு. ஆக்சிஜன் இல்லாவிட்டால் நாலைந்து தலைமுறையில் பங்கு போட ஒன்றும் மிஞ்சாது, பெருக்கம் நின்றுவிடும். ஸ்டர் பிளேட் செய்யும் பெரிய உதவி இதுதான்: திரவத்தைக் கிளறிக்கொண்டே இருப்பதால் கரியமில வாயு வெளியேறுகிறது, மேற்பரப்பில் காற்று கரைகிறது, செல்கள் அடியில் படியாமல் மிதக்கின்றன.

ஸ்டர் பிளேட் இல்லை. என்ன செய்வது?

போகும்போதும் வரும்போதும் குடுவையை எடுத்துச் சுழற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. இன்னொரு வழி: ஒரு லிட்டர் வோர்ட்டை நான்கைந்து லிட்டர் ஜாடியில் ஊற்றி, ஜாடி முழுக்க நுரையாகும்வரை இறுக மூடி ஆவேசமாகக் குலுக்கி, ஈஸ்ட்டைப் போட்டு, மூடியைத் தளர்த்தி விட்டுவிடுவது. இதைப் படியவைக்காமல் நுரை உச்சத்தில் இருக்கும்போதே, 12 முதல் 18 மணி நேரத்தில், முழுதாக ஊற்றுவார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் செல்கள் முழு வேகத்தில் இருப்பதால் நடுத்தர ஏலுக்கு நன்றாகவே வேலை செய்யும். லாகருக்கு இதை நம்ப மாட்டோம்.

காந்தக் குச்சி சுற்றாமல் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

வேகம் அதிகம், அல்லது குடுவையின் அடி உள்பக்கமாக மேடிட்டிருக்கிறது. வேகத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, குடுவையை நடுவில் நிறுத்தி, மெதுவாக ஏற்றுங்கள். திரவத்தின் மேல் ஒரு சின்னக் குழி விழுந்தால் போதும், அடி வரை சுழல் தெரிய வேண்டியதில்லை. அடி மேடான ஜாடிக்கு நடுவில் வளையம் உள்ள குச்சி நன்றாக உட்காரும்.

வோர்ட் கெட்டியாக இருந்தால் ஈஸ்ட் அதிகம் வளருமே? சாதாரணச் சர்க்கரை போட்டால் என்ன?

கெட்டி வோர்ட்டில் அதிகம் வளரும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் 1.040-க்கு மேல் போனால் சவ்வூடு அழுத்தமும், பின்னால் ஆல்கஹாலும் செல்களை வாட்டும். எண்ணிக்கை கூடி ஆரோக்கியம் குறைந்த ஈஸ்ட்டால் பயனில்லை. அதிக செல் வேண்டுமானால் அளவைக் கூட்டுங்கள், அடர்த்தியைக் கூட்டாதீர்கள்.

சர்க்கரை வேண்டவே வேண்டாம். அதில் நைட்ரஜன் இல்லை, துத்தநாகம் இல்லை, வைட்டமின் இல்லை. அது மட்டும் அல்ல: எளிய சர்க்கரையிலேயே வளர்ந்த ஈஸ்ட், மால்ட்டின் சர்க்கரையான மால்டோஸை உள்ளே இழுக்கும் வேலையைக் கைவிட்டுவிடும். உங்கள் பியர் வோர்ட்டில் பெரும்பகுதி மால்டோஸ்தான்.

எந்த வெப்பநிலையில் வைப்பது? லாகர் ஈஸ்ட்டைக் குளிரில் வளர்க்க வேண்டாமா?

20 முதல் 25 டிகிரி, இரண்டுக்கும். லாகரை 10 டிகிரியில் நொதிக்க வைப்பது சுவைக்காக. இங்கே சுவை கணக்கில் இல்லை. குளிரில் வளர்த்தால் ஒரு நாளில் முடிவது நாலு நாள் இழுக்கும், அவ்வளவுதான்.

பாக்கெட்டைத் தட்டியும் உப்பவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா?

உள்ளே சத்துப்பை உடையும் வகைப் பாக்கெட்டில் இது சகஜம். உப்புவது ஈஸ்ட் விழித்ததற்கு அடையாளமே தவிர, பெருகியதற்கு அல்ல. உப்பாமல் இருப்பது சாவுக்கும் அடையாளம் அல்ல. சத்துப்பை உடைந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரில் போடுங்கள், ஒரு நாளில் தெரிந்துவிடும்.

ஒரு நாள் ஆகியும் நுரையே இல்லை. தூக்கி எறியவா?

பொறுங்கள். ஸ்டர் பிளேட்டில் பெரும்பாலும் நுரை நிற்காது. பலர் தூங்கிய நேரத்திலேயே எல்லாம் முடிந்தும்விடும். நுரையைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள்: தெளிவான பழுப்பாக இருந்தது, பால் விட்ட மாதிரி கலங்கி வெளிறியிருந்தால் ஈஸ்ட் பெருகியிருக்கிறது. கலக்கியை நிறுத்தி அரை மணி விட்டால் அடியில் வெள்ளைப் படலம் விழத் தொடங்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஹைட்ரோமீட்டர் (கிராவிட்டி அளக்கும் கருவி): 1.037-ல் தொடங்கியது 1.010 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். அளக்க எடுத்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

48 மணி நேரத்துக்குப் பிறகும் கிராவிட்டி அசையவில்லை என்றால் ஈஸ்ட் செத்தது, அல்லது சூட்டில் நாம் கொன்றது. வேறு பாக்கெட்தான்.

எவ்வளவு நேரம் விட வேண்டும்?

கலக்கியில் 18 முதல் 24 மணி, கையால் குலுக்கினால் 36 முதல் 48 மணி. பழைய பாக்கெட்டுக்கு இன்னும் அரை நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

முழுதாக ஊற்றுவதா, மேலே உள்ளதை வடித்துவிட்டு ஊற்றுவதா?

ஒரு லிட்டருக்குள் என்றால், 20 லிட்டரில் முழுதாக ஊற்றினாலும் தெரியாது. அதற்கு மேல் வடிப்பதே நல்லது. இரண்டு லிட்டர் என்பது பத்தில் ஒரு பங்கு, அதுவும் நாள் முழுக்கக் காற்றில் கலக்கி அட்டைப்பெட்டி வாடை ஏறிய திரவம். லேசான லாகரில் அது நாக்கில் அகப்படும்.

வடிக்க, நொதித்தல் முழுதாக முடிந்த பிறகு குடுவையை 2 முதல் 4 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டு முன்னதாகக் குளிரில் வைக்கக் கூடாது. சர்க்கரை தீர்ந்து கடைசிக் கட்டத்தில்தான் செல்கள் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேமிக்கின்றன. புதிய வோர்ட்டில் முதல் சில மணி நேரம் அந்தச் சேமிப்பில்தான் ஓடும்.

காய்ச்சும் நாளன்று காலை குடுவையை வெளியே எடுத்து, மேலே தெளிந்த திரவத்தை நிதானமாகச் சாய்த்து ஊற்றுங்கள். 150 மில்லிலிட்டர் மிஞ்சட்டும், அடிப்படலத்தைச் சுழற்றிக் கரைக்க அது வேண்டும். மூடி வைத்துவிட்டால் வோர்ட் ஆறுவதற்குள் இதுவும் அறை வெப்பத்துக்கு வந்துவிடும். கடைசியாக ஊற்றும்போது குடுவையின் அடியில் வெளியிலிருந்து ஒரு காந்தத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காந்தக் குச்சி பியருக்குள் விழுந்து, பாட்டிலில் அடைக்கும் நாள்வரை அங்கேயே கிடக்கும்.

வாடை எப்படி இருக்க வேண்டும்?

ரொட்டி, ஆப்பிள், லேசான பியர் வாடை சரி. லாகர் ஈஸ்ட்டில் அழுகிய முட்டை வாடை வந்தாலும் பயமில்லை, அது போய்விடும். வினிகர் புளிப்பு, நெயில் பாலிஷ் போன்ற காட்டம், மேலே சுருங்கிய தோல் மாதிரி படலம், நூலாக இழுக்கும் பிசுபிசுப்பு, பூஞ்சைப் புள்ளி: இவற்றில் எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வடித்த திரவத்தை ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஹாப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் பூ) இல்லாத, வாயு இல்லாத, சப்பென்ற பியர் மாதிரி இருக்க வேண்டும். சுவை கெட்டிருந்தால் 20 லிட்டரையும் அதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

பாட்டிலின் அடியில் படிந்த ஈஸ்ட்டிலிருந்து வளர்க்கலாமா?

வடிகட்டாத, பாஸ்ச்சரைஸ் செய்யாத, 7 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் உள்ள, புதிய பாட்டில் என்றால் முயலலாம். சில ஆலைகள் பாட்டிலில் வாயு ஏற்ற வேறு ஈஸ்ட் போடுவதுண்டு. அப்போது நீங்கள் விரும்பிய சுவை வராது.

பாட்டிலின் வாயைச் சானிடைசரால் துடைத்து, கடைசி இரண்டு சென்டிமீட்டர் படிவை 50 முதல் 100 மில்லிலிட்டர் வோர்ட்டில் ஊற்றுங்கள். இந்த முதல் படிக்கு 1.020 போதும், களைத்த செல்களுக்கு லேசான உணவு. மூன்று நாளாவது ஆகும். பிறகு 500 மில்லிலிட்டர், பிறகு இரண்டு லிட்டர், 1.037-ல். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து மடங்கைத் தாண்டாதீர்கள். ஒரு கரண்டி ஈஸ்ட்டை இரண்டு லிட்டரில் போட்டால் அது கூட்டமாவதற்குள் பாக்டீரியா முந்திக்கொள்ளும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒரே ஒரு செல்லிலிருந்து ஆலைக்குத் தேவையான அளவுவரை வளர்த்ததும் இப்படிப் படிப்படியாகத்தான்.

ஸ்டார்ட்டர் வோர்ட்டை மொத்தமாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளலாமா?

ஃப்ரீசரில் உறையவைக்கலாம், எடுத்து உருக்கி மறுபடி பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். முந்தைய பியரில் மிஞ்சிய வோர்ட்டையும் இப்படிச் சேமிக்கலாம்.

வெறுமனே கொதிக்கவைத்து ஜாடியில் மூடி அறையில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. வோர்ட்டின் பி.எச். 5-க்கு மேல். 4.6-க்கு மேல் உள்ள, காற்றில்லாத, மூடிய திரவத்தில் பொட்டுலிசம் உண்டாக்கும் பாக்டீரியா வளரும், அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. நஞ்சு கலந்தாலும் வாடை காட்டாமல் இருக்கலாம். அழுத்தத்தில் 121 டிகிரிவரை போகும் பிரஷர் கேனரை முறையாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்த வழி.

ஸ்டார்ட்டர் தயார், ஆனால் காய்ச்சும் நாள் தள்ளிப்போய்விட்டது.

வடிக்காமல், ஃபாயிலோடு குளிரில் வையுங்கள். ஒரு வாரம் கவலை இல்லை. இரண்டு மூன்று வாரம் ஆனால், காய்ச்சுவதற்கு முந்தைய நாள் மேல்திரவத்தை வடித்துவிட்டு அரை லிட்டர் புது வோர்ட் ஊற்றி எழுப்பிவிடுங்கள். அதற்கும் மேலானால் புதிதாகக் கணக்குப் போட்டு இன்னொரு முழு ஸ்டார்ட்டர்.

ஒவ்வொரு முறையும் பாக்கெட் வாங்காமல் இருக்க வழி?

தேவையைவிட 100 பில்லியன் கூடுதலாக வளர்த்து, அந்தப் பங்கைக் கொதிநீரில் கழுவிச் சானிடைஸ் செய்த சின்ன ஜாடியில் தனியே குளிரில் வையுங்கள். மூடியை முழுதாக இறுக்காதீர்கள், வாயு சேர்ந்தால் வெடிக்கும். ஜாடியின் மேல் ஈஸ்ட்டின் பெயர், தேதி, எத்தனையாவது தலைமுறை என்று எழுதி ஒட்டுங்கள். பியர் கலனின் அடியில் இருந்து எடுப்பதைவிட இது சுத்தம்: ஹாப்ஸ் கசடு இல்லை, அதிக ஆல்கஹாலில் வாடிய செல் இல்லை. நாலைந்து தலைமுறைக்குப் பிறகு புதுப் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

செல்லை உண்மையில் எண்ண முடியுமா?

400 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப்பும் ஹீமோசைட்டோமீட்டர் என்னும், செல் எண்ணக் கட்டம் கீறிய கண்ணாடியும் இருந்தால் முடியும். ஈஸ்ட்டை 100 அல்லது 200 மடங்கு நீர்க்கச் செய்து, அதில் மெத்திலீன் புளூ என்னும் சாயம் கலந்து, கண்ணாடியில் ஒரு சொட்டு விடுங்கள். உயிருள்ள செல் நிறமற்று இருக்கும், செத்தது நீலமாகும். நடுவில் உள்ள ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் நிறமற்றவற்றை எண்ணி, 10,000-ஆலும் நீர்க்கச் செய்த மடங்காலும் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள உயிருள்ள செல் வரும். மைக்ராஸ்கோப் இல்லாதவர்களுக்கு: நன்றாகப் படிந்த கெட்டி ஈஸ்ட் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பில்லியன் அளவு. குடுவையின் அடியில் 180 மில்லிலிட்டர் படிவு தெரிந்தால் மேலே சொன்ன ஏலைக் காய்ச்சத் தொடங்கலாம்.